தாளில் ஏறிய ஐந்து வருடம்

இத்தோவின் அப்பாவுக்கு,

நான் சொல்லச் சொல்ல உங்கள் மகள் இத்தோதான் எழுதுகிறாள். "அந்த ஆளுக்கு எதுக்கும்மா ஸலாம்?" என்றாள். அதனால் ஸலாம் இல்லை.

மார்பில் வந்திருப்பதன் பெயரை நம் மலையில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சந்தை லாரியில் மலையிறங்கி, இரண்டு பஸ் மாறி, நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் என் அடையாள அட்டையைத்தான் பார்த்தார்.

"எண்பது ஆச்சே, ஹாஜ்ஜா. எண்பது ஆயிட்டா இங்க அந்த மருந்து தர்றதில்ல. வீட்டுல நிம்மதியா இருங்க."

"நான் மக்காவுக்கும் போனதில்ல, எனக்கு எண்பதும் ஆகல. எழுபத்தஞ்சுதான்."

"அட்டை பொய் சொல்லுமா?"

சொல்லும். நம் நிக்காஹ் அன்று காஜியார் முன்னால் என் வயதைப் பதினெட்டு என்று சொன்னது யார்? என் தகப்பனும் நீங்களும். அந்த நிக்காஹ் தாளை வைத்துத்தான் பிறகு அட்டை போட்டார்கள்.

வயதைத் திருத்த அன்றைக்கு இருந்தவர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டுமாம். மற்றவர்கள் எல்லோரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

வியாழக்கிழமை கோர்ட்டுக்கு வாருங்கள். உங்கள் புது வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டோ சொல்லாமலோ வாருங்கள். "அன்னிக்கு அவளுக்குப் பதிமூணு வயசு, எனக்குத் தெரியும்" என்று நீதிபதியிடம் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் தரையைப் பார்த்துச் சொல்லுங்கள். என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம், அதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை.

அந்த ஐந்து வருடம் என்னுடையது. அதை நான் வாழப் போகிறேன்.

உங்கள் மகளின் தாய்,
வயது எழுபத்தைந்து