அப்பா கையில் எடுத்த ஐஸ்கிறீம் கிண்ணம்

ஓஸ்டர்முண்டிகன், சுவிஸ்
வைகாசி, வெள்ளி பின்னேரம்

அன்பு மகள் லக்ஷனாவுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் அப்பாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்கு நித்திரைகொண்டு, உடம்பில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று பிள்ளையாரை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். ஞாயிறு தோறும் முகம் பார்த்துக் கதைக்கிறோமே, பிறகு ஏன் அம்மா பேனை பிடித்தாள் என்று யோசிப்பாய். கதைக்கும்போது அப்பா என் தோளோடு ஒட்டிக்கொண்டு இருப்பார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி என்னத்தைச் சொல்லுவது. வேலை முடிந்து, எங்கள் முதியோர் இல்லத்தில் உடுப்பு மாற்றுகிற அறைக்குள் இருந்து இதை எழுதுகிறேன். என்னோடு வேலை செய்கிற இராஜேஸ்வரி எட்டிப் பார்த்து, "என்னக்கா, வீட்டை போகேல்லையோ" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். உனக்குத் தமிழ் வாசிக்க நேரமெடுக்கும், அவசரமில்லை, ஆறுதலாக வாசி.

வீட்டுப் புதினம் பெரிதாக ஒன்றுமில்லை. தம்பி சயன் சூக் நகரத்தில் புது வீட்டுக்கு மாறிவிட்டான், லிஃப்ற் இருக்கிறதாம், பல்கணி இருக்கிறதாம், சமைக்கிறானா என்று கேட்டால் மட்டும் கதையை மாற்றுகிறான். இராஜேஸ்வரியின் மகளுக்கு ஆவணியில் கலியாணம், நீ வருவாயோ என்று கேட்டாள். என் முழங்கால் அப்படியேதான், மாடிப்படி இறங்கும்போது கம்பியைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வேலையில் ஆட்கள் நின்றுவிட்டார்கள், புதிதாக ஒருவரையும் எடுக்கவில்லை, அவர்கள் பார்த்த கிழவர்களையும் நாங்களே தூக்கிக் குளிப்பாட்டுகிறோம். போன கிழமை பஸ்ஸில் நித்திரையாகிக் கடைசித் தரிப்பு வரை போய்விட்டேன், சாரதி வந்து தட்டி எழுப்பினார். அலுப்பு பிள்ளை, வேறொன்றுமில்லை. காலையில் எழும்பும்போதே அலுப்பாக இருக்கிறது.

அப்பாவின் விசயத்துக்கு வருகிறேன். குடலில் ஒப்பரேசன் முடிந்து கீமோ தொடங்கியபோது அவர் பட்ட பாடு உனக்குத் தெரியும், ஆனால் முழுவதும் தெரியாது. ஏற்றுகிற மருந்துகளில் ஒன்று குளிரை எதிரியாக்கிவிடும். தண்ணீர்க் குழாயைத் திறந்தால் விரலுக்குள் கரண்ட் அடித்த மாதிரி இழுக்கும், வெளியே போய் வாயைத் திறந்து மூச்செடுத்தால் தொண்டைக்குள் ஊசி இறங்கும். ஆயுள் முழுக்க மீனும் இறைச்சியும் உறைய வைக்கிற களஞ்சியத்துக்குள் பெட்டி தூக்கிய மனிதர், இந்த மாரிக்குளிர் முழுக்கக் கையுறை போட்டுக்கொண்டு பிரிட்ஜைத் திறந்தார். குடிக்கிற தண்ணீரைக்கூட நான் சூடாக்கித்தான் கொடுத்தேன். பங்குனி கழிய ஒரு நாள் பார்க்கிறேன், வெறுங்கையால் பால் பெட்டியை எடுத்துத் தேத்தண்ணிக்கு ஊற்றுகிறார். நோகவில்லையா என்று கேட்டேன். "இப்ப ஒண்டுமில்லை, உடம்பு பழகீட்டுது" என்றார். எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று சொல்லத் தேவையில்லை. நீயும் தம்பியும் அன்று தொலைபேசியில் எத்தனை பூவும் இதயமும் அனுப்பினீர்கள்.

சித்திரை வருடப் பிறப்புக்கு வந்த சயன்தான் அந்தக் கடையைப் பற்றிச் சொன்னான். பேர்ணில் லெங்காசேப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கிறார்கள், பெட்டியில் இருக்கிற ஐஸ்கிறீமை அள்ளித் தருவதில்லை, நாங்கள் கேட்ட பிறகு கண்ணுக்கு முன்னால் திரவ நைதரசனை ஊற்றி அந்த இடத்திலேயே ஜெலாட்டோ செய்து தருகிறார்கள், அப்பாவுக்குத்தான் இனிக் குளிர் பிரச்சினை இல்லையே, வாங்கோ போவம் என்று நின்றான். நான் காலை வேலை முடித்து வந்து காலை நீட்டிய நேரம், எனக்கு ஐஸ்கிறீமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றிருந்தது. ஆனால் அப்பா அதற்குள் முகம் மழித்து, தலை இழுத்து, சப்பாத்தும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எப்படி மாட்டேன் என்பது.

கடைக்கு வெளியே வீதி வரைக்கும் வரிசை. உள்ளே போனால் ஐஸ்கிறீம் கடை மாதிரி இல்லை, ஆஸ்பத்திரி ஆய்வுகூடம் மாதிரி எல்லாம் வெள்ளையும் எவர்சில்வரும். கேக் மாவு அடிக்கிற மாதிரி இயந்திரங்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஒரு பெண்பிள்ளை பெரிய கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு பாலும் பழமும் கலந்ததை அதற்குள் விட்டு, குழாயைத் திருகினாள், புஸ் என்று வெள்ளைப் புகை பொங்கி மேசையில் வழிந்து எங்கள் கால் வரை இறங்கியது. சின்னப் பிள்ளைகள் கத்துகிறார்கள். கொஞ்ச நேரத்தில் புகை அடங்க உள்ளே ஐஸ்கிறீம், வெண்ணெய் மாதிரி. எவ்வளவு குளிர் என்று அப்பா கேட்டார். கழித்தல் நூற்றுத் தொண்ணூற்றாறு பாகை என்றாள் அந்தப் பிள்ளை. அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, "அப்ப நான் வேலை செய்த இடம் இதுக்கு முன்னால அடுப்படியெல்லோ" என்று எங்களுக்குச் சொல்லிவிட்டு, அதையே தன்னுடைய பேர்ண் டொச் பாஷையில் அவளுக்கும் சொன்னார். அவளும் சிரித்தாள். நோய் வந்த பிறகு அவர் முன்பின் தெரியாத ஒருவரோடு பகிடி விட்டு நான் காணவில்லை. என் கால்வலி கூட ஒருக்கா மறந்துபோனது.

சயன் சொக்கிலேற், அப்பா எலுமிச்சை, நான் பெயார்ஸ் பழமும் ஏலக்காயும் போட்டது. அதே நைதரசனில் குளிர வைத்த சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, மரத்தட்டில் வைத்துத் தந்தார்கள். கிண்ணம் இன்னும் கடுங்குளிராக இருக்கும், கொஞ்சம் பொறுங்கள், கையால் தொடாமல் சாப்பிடுங்கள் என்று அந்தப் பிள்ளை தெளிவாகத்தான் சொன்னாள். சயன் சொல்வழி கேட்கிறவனா, விரல் நுனியால் தொட்டுவிட்டு ஆ என்று கையை உதறினான். அப்பா அப்போது களஞ்சியத்துக்குள் கண்மடலில் பனி பிடிக்கிற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், சொல்லிக்கொண்டே கிண்ணத்தைத் தட்டிலிருந்து தூக்கி, வீட்டில் கஞ்சி குடிக்கிற மாதிரி இடது கையில் ஏந்திக்கொண்டார். இப்போது வைப்பார், இப்போது வைப்பார் என்று பார்க்கிறேன், வைக்கவில்லை. "அம்மா, அப்பாவைப் பாருங்கோ, சிங்கம்" என்று சயன் படமெடுத்தான். அதுதான் உனக்கு வந்த படம். நீயும் அதற்குக் கீழே சிங்கம் என்றுதான் எழுதியிருந்தாய்.

அதற்குப் பிறகு நடந்தது படத்தில் இல்லை. அவர் கிண்ணத்தை வைக்கப் போனார், அது கையை விட்டு வரவில்லை. விரல் நுனிகள் கிண்ணத்தோடு ஒட்டிப்போயிருந்தன. நான் எழும்பிக் கத்திவிட்டேன். அந்தப் பிள்ளை ஓடிவந்து இளஞ்சூட்டுத் தண்ணீரை ஊற்றிக் கிண்ணத்தை மெல்லக் கழற்றினாள். இரண்டு விரலில் தோல் உரிந்து, நுனியெல்லாம் மெழுகு மாதிரி வெள்ளை. அவள் முகம் வெளிறிப்போய், மிகவும் நோகிறதா, ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். இவர் சிரித்துக்கொண்டு இல்லை இல்லை என்கிறார். எந்த விரல் என்று கேட்டதற்கு, லக்ஷனா, அவர் குனிந்து கையைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். வேறொருவருடைய கையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். அந்த முகத்தில் நோ இல்லை, அப்போதுதான் எனக்கு விளங்கியது. குளிர் பழகவில்லை. கை மரத்துப்போயிருக்கிறது.

சயனுக்கு அது விளங்கவில்லை, கவலையீனம் என்று நினைத்து, விரலுக்குத் துணி சுற்றிவிட்டு, கவனமாக இருங்கோ அப்பா என்று சொல்லி ரயிலுக்குப் போய்விட்டான். பஸ்ஸில் நான் கேட்டேன், எப்ப இருந்து என்று. அவர் வெளியே பார்த்தபடி, "மாரி முடியேக்கை தொடங்கினது. காலும்தான்" என்றார். டொக்டரிட்டச் சொன்னனீங்களோ என்றேன். "சொன்னா மருந்தை நிப்பாட்டிப்போடுவினம். பக்கத்துக் கதிரையில ஏத்துற இத்தாலிக்காரனுக்கு அப்பிடித்தான் நிப்பாட்டினவை. பிள்ளை ஞாயிறு கதைக்கேக்கையெல்லாம் சொல்லுறாள், ஒண்டையும் விடாம முழுக்க எடுத்து முடியுங்கோ அப்பா எண்டு. கைதானே, போனாப் போகட்டும்." இறங்கும்போது, "டொக்டரிட்ட நீரும் சொல்லக்கூடாது" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

டொக்டரைப் பார்க்கிற அடுத்த டேர்மினுக்கு நானும் லீவு எடுத்துக்கொண்டு போனேன். டொக்டர் அம்மா வழக்கம்போல எப்படி என்று கேட்க, இவர் வழக்கம்போல எல்லாம் நல்லது என்றார். விரலில் என்ன துணி என்று அவ கேட்க, ஐஸ்கிறீம் கடை என்று சிரித்தார். நான் இருந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒருக்காத் திரும்பிப் பார்த்தார். டொக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் ஒவ்வொரு விரலாகத் தொட்டு, எந்த விரல் என்று கேட்டா. அவர் மோதிர விரல் என்றார், அவ தொட்டது பெருவிரல். பிறகு சின்ன விரல் என்றார், அப்போது அவ தொடவே இல்லை. பாடம் ஒப்புவிக்கத் தெரியாத பிள்ளை மாதிரி அவர் ஊகித்து ஊகித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பார்க்க முடியவில்லை, யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

குளிரை எதிரியாக்கிய அந்த ஒரு மருந்தை நிப்பாட்டிவிட்டார்கள். மற்றதெல்லாம் தொடரும். கைவிட்டுவிட்டோம் என்று நினைக்க வேண்டாம், அது செய்யவேண்டிய வேலையைப் பெரும்பாலும் செய்துவிட்டது, இனியும் ஏற்றினால் நடக்கவே மாட்டீர்கள் என்று டொக்டர் ஆறுதலாக விளங்கப்படுத்தினா. விரல் உணர்வு திரும்புமா என்று கேட்டேன், வரலாம், மாதக்கணக்கில் ஆகலாம், முழுக்க வராமலும் போகலாம் என்றா. உள்ளதைச் சொன்னதற்காக அவவுக்கு நான் நன்றி சொன்னேன். வீட்டுக்கு வரும்போது அப்பா எனக்கு முன்னால் போனார், கால் தரையை அறியாமல் தட்டித் தட்டி, ஆனாலும் என்னைப் பிடிக்க விடவில்லை. நாட்கணக்காக என்னோடு கதை இல்லை. சாப்பாட்டை வைத்தால் சாப்பிட்டார், கேட்டால் தலையாட்டினார். ஞாயிறு உன்னோடு கதைக்கும்போது மட்டும் சிரித்துச் சிரித்துக் கதைத்தார், நீ ஒன்றும் கவனித்திருக்க மாட்டாய். நான் வேலையில் கிழவர்களைத் தூக்கிவிட்டு வந்து, வீட்டில் அந்த மௌனத்தையும் தூக்கினேன் பிள்ளை.

நேற்றுக் காலைதான் ஏதோ இளகியது. நான் வேலைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருக்க, சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, தெறியொன்றையும் துளைக்குள் பூட்டாமல் வந்து முன்னால் நின்றார். இவ்வளவு நாளும் நான் காணாமல் அறைக்குள் தெறியோடு எவ்வளவு நேரம் மாரடித்தாரோ தெரியாது. "இஞ்சரும், இதை ஒருக்காப் பூட்டிவிடும்" என்றார். பூட்டிவிட்டேன். பூட்டி முடியும் வரை என் தலைக்கு மேலால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவர், "பிள்ளைக்கு நீரே சொல்லும். நான் இல்லாத இடத்தில சொல்லும். எனக்கு வாய் வராது" என்றார். அதுதான் இந்தக் கடிதம்.

சயனுக்கு நான் தொலைபேசியில் சொல்லிவிட்டேன், அழுதான், அந்தப் படத்தை அழித்துவிட்டானாம். நீ அப்படியெல்லாம் செய்ய வேண்டாம், அதில் அப்பா சிரிக்கிற சிரிப்பு உண்மையான சிரிப்பு. ஆனால் இனி அவரைச் சிங்கம் புலி என்று சொல்லாதே மகள். நீங்கள் இரண்டு பேரும் அன்பில்தான் சொல்லுகிறீர்கள், அவருக்கோ அதற்குப் பிறகு நோகிறது என்று சொல்ல வழியில்லாமல் போய்விடுகிறது. ஞாயிறு கதைக்கும்போது மருந்து எடுத்தீர்களா என்று கேட்காதே, கை எப்படி, கால் எப்படி என்று கேள். முதலில் ஒன்றுமில்லை என்பார். நீ பேசாமல் இரு, பிறகு சொல்லுவார்.

இன்னொன்று. நீ வரட்டுமா அம்மா என்று கேட்ட நேரமெல்லாம், அவ்வளவு தூரத்திலிருந்து எதற்கு, நாங்கள் சமாளிக்கிறோம் என்று சொன்னது நான்தான். இந்த முறை அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. லீவு கிடைத்தால் வா. அப்பாவுக்காக என்று நினைத்து வராதே, அவர் தன்பாட்டில் தேறிக்கொள்வார். எனக்காக வா. நீ அவரோடு இருக்கும்போது நான் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு முழு நாள் படுக்க வேண்டும். இராஜேஸ்வரி வாசலில் பையோடு நிற்கிறாள், அடுத்த பஸ்ஸை விடக்கூடாது, போறன்.

நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய்நொடி அண்டாமல், நீண்ட ஆயுளோடு இருக்க எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உன்னோடு. பாஸ்போட் முடிகிற திகதியை இன்றைக்கே எடுத்துப் பார், புதுப்பிக்க வேண்டுமென்றால் தாமதிக்காதே.

அன்புடன்
உன் அம்மா
சி. தில்லைநாயகி