ஏழாவது ட்யூப்

மார்ச் 4, செவ்வாய்

கடை திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கூட்டம் சேர்வதற்கு முன் மூன்றாம் அலமாரியிலிருந்து பூஞ்சைத் தொற்று க்ரீம் ஒன்றை எடுத்து, காக்கிக் கவரில் போட்டு, ஸ்டேப்ளர் அடித்து, என் கைப்பைக்குள் தள்ளினேன். நான்காவது ட்யூப். எனக்கு நானே எதற்குக் கவர் போட்டேன்? மருந்துக்கடையில் இருபத்திரண்டு வருஷப் பழக்கம், கை தானாகப் போகிறது. பெண்கள் வருவார்கள், பக்கத்தில் ஆண்கள் நகரும்வரை சோப்பு விலையைப் பார்ப்பதுபோல் நிற்பார்கள், பிறகு "அந்த க்ரீம்" என்பார்கள். எந்த க்ரீம், எத்தனை நாளாக என்று நான் கேட்கமாட்டேன். கேட்காமல் கொடுப்பதுதான் எங்கள் கடையில் மரியாதை.

மாதவிலக்கு இந்த மாதமும் வரவில்லை. நாள் முழுக்க நிற்கிற வேலை. முன்னே பின்னே ஆகத்தான் செய்யும்.

மார்ச் 18, செவ்வாய்

போட்டால் இரண்டு நாள் அடங்குகிறது. மூன்றாம் நாள் அதே அரிப்பு, அதே எரிச்சல். இன்று பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பிரித்துப் படித்தேன். துணைவருக்கும் அறிகுறி இருந்தால் அவருக்கும் சிகிச்சை தேவைப்படலாம் என்று ஒரு வரி. அந்த ஒரு வரியிலேயே நின்றுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மாதத்தில் பத்து நாள் வெளியூர்.

மார்ச் 19, புதன்

கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

ஏப்ரல் 1, செவ்வாய்

கேட்டுவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன், வேறு நேரமே இல்லாத மாதிரி. "போன ஊர்ல எங்கேயாவது போனீங்களா?" கரண்டியைக் கீழே வைத்தார். "எங்கேன்னு கேக்குற?" பிறகு அவருக்குப் புரிந்தது. முகம் வெளுத்துப்போனது.

நான் பூஞ்சைத் தொற்று மாத்திரை ஒன்றைத் தட்டுப் பக்கத்தில் வைத்தேன். தாளில் சொன்ன அறிகுறி எதுவும் அவருக்கு இல்லை. இருந்தும் வைத்தேன். விழுங்கினார். தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். குற்றம் இல்லாதவர் ஏன் விழுங்க வேண்டும்?

ஏப்ரல் 27, ஞாயிறு

ஏழாவது ட்யூப். இப்போது க்ரீமே எரிகிறது.

மே 6, செவ்வாய்

உட்காரவே முடியவில்லை, டாக்டரம்மாவிடம் போனேன். எத்தனை ட்யூப் போட்டீர்கள் என்றார். மூன்று என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏழு என்றேன். பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்.

மே 9, வெள்ளி

பூஞ்சை இல்லை.

இல்லவே இல்லை. "உங்களுக்கு மாதவிலக்கு நிக்கப் போற காலம்மா. ஹார்மோன் குறையுது. அந்த இடத்துத் தோல் மெலிஞ்சு, வறண்டு போயிருக்கு. அரிப்பு அதனாலதான். ஏழு ட்யூப் போட்டு நீங்களே புண்ணாக்கி வச்சிருக்கீங்க." எனக்கு நாற்பத்தாறு வயதுதானே என்றேன். அதுதானே வயது என்றார்.

வெளியே வந்து படியில் அப்படியே உட்கார்ந்தேன். யாரிடமிருந்தும் வரவில்லை. எங்கிருந்தும் வரவில்லை. என் உடம்பு. என் வயசு. அந்த மனுஷனை என்ன கேள்வி கேட்டேன் நான்! மாத்திரையை வேற தூக்கி வச்சேனே — ஐயோ, என்ன பண்ணிட்டேன். யாருக்கோ வந்தால் பத்து வியாதி சொல்லத் தெரியும். மாதவிலக்கு நாலு மாசமா வரலை, அது ஏன்னு ஒரு நாளாவது யோசிச்சேனா?

மே 11, ஞாயிறு

சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். தலை நிமிரவே முடியவில்லை. அவர் எழுந்து போய் ஸ்பானர் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து, நாலாக மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். ரத்தப் பரிசோதனை. அந்த மாதிரி நோய் என்னென்ன உண்டோ அத்தனைக்கும். எதுவுமே இல்லை. தேதி ஏப்ரல் 3. நான் கேட்டு இரண்டே நாள்.

எதற்கு எடுத்தீர்கள் என்றேன்.

"நான் எங்கேயும் போகலைன்னு எனக்குத் தெரியும். ஆனா நீ மருந்துக்கடையில இருக்கறவ, தெரியாமலா கேட்டிருப்பன்னு எனக்கே என்மேல சந்தேகம் வந்துடுச்சு."

என் பேச்சை நம்பித்தான் அந்த மாத்திரையையும் விழுங்கியிருக்கிறார். பரிசோதனை முடிவு வந்ததும் ஏன் காட்டவில்லை என்றேன். நீதான் அப்புறம் பேசவே இல்லையே என்றார். அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது.

மே 12, திங்கள்

டாக்டரம்மா எழுதிய ஹார்மோன் க்ரீம் எங்கள் கடையிலேயே இருக்கிறது. எடுக்கக் கை வரவில்லை. பில் போடும் பெண் மருந்துப் பெயரைப் பார்ப்பாள், அக்காவுக்கு வயசாகிவிட்டது என்று நினைப்பாள். சீட்டைச் சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

மே 14, புதன்

காலையில் பார்த்தால் ஜாடிக்கு அடியில் சீட்டு இல்லை.

பதினோரு மணிக்குக் கடையில் நல்ல கூட்டம். வரிசையில் மூன்றாவதாக இவர், கிரீஸ் படிந்த வேலை உடுப்போடு. முறை வந்ததும் சீட்டை என்னிடம் நீட்டினார். "என் வீட்டுக்காரிக்கு. எப்படிப் போடணும்னு சொல்லிக் குடுங்க. வீட்டுல கேட்டா சண்டைக்கு வருவா." குரலைக் கொஞ்சமும் தணிக்கவில்லை. பில் போடும் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. சொல்லிக் கொடுத்தேன். கை வழக்கம்போலக் காக்கிக் கவருக்குப் போனது.

"கவர் வேண்டாம்" என்றார்.

சட்டைப்பையில் பாதி வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தேன். அவர் தலையணை இன்னும் ஹாலில்தான் இருக்கிறது. அதை எடுத்து உள்ளே போட எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. என்னுடையதைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்தேன்.