கை வைத்த போர்வை

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் இங்கே சௌக்கியம். நீ அங்கே இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

உறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்காதே. எழுதியது நான்தான். யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை, யாரும் என் கையைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. ஒவ்வொரு வரியையும் பழைய தாளில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் இந்த நல்ல தாளுக்குக் கொண்டுவருகிறேன். அதனால் மெதுவாகத்தான் போகிறது. எப்படி ஆரம்பிப்பது என்பதிலேயே ஒரு மாலை போய்விட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து உன்னை 'இந்தா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். 'அன்புள்ள இந்தா' என்று எழுதிப் பார்த்தேன். கடைக்காரர் மீதிச் சில்லறையை நீட்டுவது போல இருந்தது. கடைசியில் வீட்டுக்காரி என்று போட்டேன். வீடு உன்னுடையதுதானே, தப்பில்லை.

போன குளிர்காலத்தில் நீ மகள் வீட்டுக்குப் போனாய். வெயில் வந்ததும் வந்துவிடுகிறேன் என்றாய். வெயில் வந்தது, போனது, மறுபடி குளிரும் வந்துவிட்டது. போனில் பேசுகிறோம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மகள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் மாப்பிள்ளை கேட்கிறார், பேத்தி கேட்கிறாள், ஓடிக்கொண்டிருக்கும் டிவியும் கேட்கிறது. 'சாப்டீங்களா?' என்கிறாய். 'சாப்டேன்' என்கிறேன். அதோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. உனக்கு மட்டும் கேட்கும்படி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதத்தான் வேண்டும் என்று புரிந்தது. நூலகத்தின் பின்னறையில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் மாலை வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டு, போய் உட்கார்ந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. பாதியில் விட்டுவிட்டால் நீ ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பாய் என்று பயம்.

சமீபத்தில் மகள் போனில் ஒன்று சொன்னாளே, 'அம்மா இனிமே இங்கேயே இருக்கட்டும்பா, அந்த வீட்டுக் குளிர் அவங்களுக்கு ஆகாது' என்று. நீ பக்கத்தில்தான் இருந்தாய். வளையல் சத்தம் கேட்டது. நீ ஒன்றும் பேசவில்லை. அது சம்மதமா, இல்லை, இத்தனை பேர் நடுவில் என்ன பேசுவது என்று இருந்துவிட்டாயா, எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு பெரிய சேதி இருக்கிறது. அதைச் சொல்லாமல் எனக்குக் கை ஓடாது.

நான் ஒரு கை வைத்த போர்வை வாங்கியிருக்கிறேன்.

புரியவில்லையா? எனக்கும் முதலில் புரியவில்லை. எங்கள் வகுப்பறையில் ஹீட்டர் கிடையாது. எழுதும்போது எல்லார் வாயிலிருந்தும் புகை வரும். ஒருநாள் டீச்சர் உள்ளே வந்தார். போர்வைக்கு இரண்டு கை முளைத்து, தலைக்கு ஒரு குல்லாயும் முளைத்து, வயிற்றில் ஒரு பெரிய பையும் இருந்தால் எப்படி இருக்கும், அப்படி ஒன்றைத் தலைவழியாக மாட்டியிருந்தார். முழங்காலுக்குக் கீழே வரை தொங்கியது. அந்தப் பைக்குள்ளிருந்து சாக்பீஸ் வந்தது, டஸ்டர் வந்தது, கடைசியில் ஒரு பன்னும் வந்தது. என் பக்கத்தில் உட்காரும் பஸ் கிளீனர் சும்மா இருப்பாரா? 'டீச்சர், அப்படியே கட்டிலையும் தூக்கிட்டு வந்திருக்கலாமே' என்றார். 'கிண்டல் பண்றவங்க நாளைக்கு ஒரு பக்கம் கூடுதலா எழுதிட்டு வாங்க' என்றார் டீச்சர். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குளிர்காலத்தில் நீ சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாயே, ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு, அதன்மேல் என் பழைய ஐஸ் கிடங்குக் கோட்டு, அதன்மேல் சால்வை, துணி மூட்டைக்குள் மூக்கு மட்டும் சிவந்துபோய். அதுதான் ஞாபகம் வந்தது. இத்தனைக்கும் பதிலாக ஒரே ஒரு துணி போதுமே என்று தோன்றியது. வகுப்பு முடிந்ததும் எங்கே வாங்கினது என்று டீச்சரிடம் கேட்டேன்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் பெரிய கடை. அங்கே விற்கும் பெண்ணிடம் சின்ன சைஸ் வேண்டும் என்றேன். 'இதுல சைஸே கிடையாதுங்கய்யா. எல்லாருக்கும் ஒரே அளவுதான், பெருசு' என்றாள். என் தோளுக்குக் கீழே கையை வைத்து, என் வீட்டுக்காரி இவ்வளவுதான் இருப்பாள் என்று காட்டினேன். 'அப்போ அவங்க இதுக்குள்ளேயே குடித்தனம் நடத்தலாம்' என்றாள். பிடிக்கவில்லை என்றால் ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொண்டுவரலாம் என்றும் சொன்னாள். விலையைக் கேட்காதே. கேட்டால் உனக்கு அங்கேயே வேர்த்துவிடும், போர்வையே தேவைப்படாது. நிறம் கத்தரிப்பூ நிறம். உள்பக்கம் ஆட்டுக்குட்டி முதுகு மாதிரி பொசுபொசுவென்று இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மாட்டிப் பார்த்தேன். கை எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. டம்ளரை எடுக்கப் போனால் எனக்கு முன்னால் அந்தக் கை போய் டீயைக் குடித்துவிட்டது. பால்காரர் மணி அடித்தார், அப்படியே போய்க் கதவைத் திறந்தேன். இரண்டு அடி பின்னால் போய் நின்றுகொண்டு, 'வீட்ல பெரியவர் இருக்காருங்களா?' என்று என்னிடமே கேட்டார். கழற்றும்போது படபடவென்று பொறி பறக்கிறது. தலையில் இருக்கிற நாலு முடியும் நட்டுக்கொண்டு நிற்கிறது.

ஆனால் ஒரு சிக்கல். இது குளிரைத் தாங்குமா, தாங்காதா என்று எனக்குத் தெரியவில்லை. மீன் பெட்டிகளை ஐஸில் அடுக்கி அடுக்கியே வயதானவன் நான். அந்தக் கிடங்குக்குப் பிறகு நம் வீட்டுக் குளிர் எனக்கு எம்மாத்திரம்? பனியனோடு உட்கார்ந்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது. போர்வைக்குள் உட்கார்ந்தால் வேர்க்கிறது. நீ கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாயே, 'உங்களுக்குக் குளிராது. அதனால எனக்குக் குளிருதுன்னு நான் சொன்னா அது உங்களுக்கு ஊர்ச்சேதி கேட்கிற மாதிரி' என்று. அதைப் பற்றி இப்போது ஒன்றும் எழுதப் போவதில்லை. காலையில் எழுந்ததும் நான் திறந்துவைக்கும் சன்னலை இப்போது திறப்பதில்லை. இடுக்கு முழுவதும் கம்பளி நாடா ஒட்டியிருக்கிறேன். அதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஆகையால் குளிர்கிற ஆள் ஒருவர் தேவைப்பட்டது. யாரென்று சொன்னால் நீ கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய். மடிக்காதே, முழுவதும் படி. கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் கொடுத்தேன்.

உன் கோட்டைத் தைத்துக் கொடுத்துவிட்டு, பட்டன் பூட்ட முடியவில்லை என்று நீ கேட்டதற்கு, 'கோட்டு சரியாத்தான் இருக்கு, நீங்கதான் பெருத்துட்டீங்க' என்று படிக்கட்டில் நாலு பேர் கேட்கச் சொன்ன அதே அம்மாதான். அதிலிருந்து நீங்கள் இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் நீ இல்லாத இந்தக் கட்டடத்தில் உன்னைப் போலக் குளிருகிறவர் அவர் ஒருவர்தான். வாசல் பக்கம் மிஷினைப் போட்டுக்கொண்டு, காற்று வரும்போதெல்லாம் பல் கிடுகிடுக்கத்தான் தைக்கிறார். கொண்டுபோய்க் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். 'யாருக்கு?' என்றார். வீட்டுக்காரிக்கு என்றேன். கொஞ்ச நேரம் நூல் கோப்பது போல ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, 'குடுங்க, போட்டுப் பார்த்துச் சொல்றேன்' என்றார்.

அவர் சொன்னதை எல்லாம் அப்படியே எழுதுகிறேன். உட்கார்ந்திருந்தால் இதற்கு ஈடு கிடையாதாம். நெஞ்சு, முதுகு, மடி எல்லாம் அடுப்புப் பக்கத்தில் இருப்பது போல. காலை மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டால் முழங்கால் வலி பாதி குறைகிறதாம். ஹீட்டர் என்றால் நாற்காலி, சுவர், பாத்திரம் என்று ஊரையே சுடவைக்கிறது, இது நம்மை மட்டும் சுடவைக்கிறது என்றார். ஆனால் பாதம் வெளியே இருப்பதால் சில்லென்று ஆகிவிடுகிறது. மிஷின் மிதிக்கும்போது ஓரம் சக்கரத்தில் மாட்டுகிறது. படி ஏறினால் தூக்கிப் பிடிக்க வேண்டும். அடுப்புப் பக்கம் இதோடு போகவே கூடாது, அந்தக் கையும் நெருப்பும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்று கறாராகச் சொன்னார். துவைத்தால் ஒரு தொட்டித் தண்ணீரையும் அதுவே குடித்துவிடும், காயவைக்க வெயிலுக்குத்தான் கடிதம் எழுதிப்போட வேண்டும் என்றார்.

இவ்வளவும் சொன்னவர் போர்வையைத் திருப்பித் தரவில்லை. தினமும் காலையில் போய் நிற்பேன். 'இருங்கண்ணே, இன்னும் சரியாப் பார்க்கலை' என்பார். அதற்குள்ளிருந்துதான் சொல்வார். கடைக்குத் திருப்பிக் கொடுக்கும் கெடு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. சரி, போர்வை போனது போனதுதான் என்று முடிவுகட்டிவிட்டேன்.

முந்தாநாள் அவரே மாடி ஏறி வந்தார். கையில் போர்வை மடித்து இருந்தது. பிரித்துப் பார்த்தால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெட்டியிருந்தார். இரண்டு கையும் குட்டை. அடியிலும் ஒரு சாண் போய்விட்டது. கையில் மணிக்கட்டோடு நிற்க எலாஸ்டிக் வைத்திருந்தார். வெட்டி எடுத்த துணியை வீணாக்காமல் பாதத்துக்கு இரண்டு உறை தைத்திருந்தார், உள்ளே அந்தப் பொசுபொசு வரும்படி. என்னம்மா இது, இனிமேல் கடைக்காரன் வாங்க மாட்டானே என்றேன். 'வாங்க வேண்டாம். அண்ணி போடட்டும்' என்றார். அளவு எடுக்காமல் எப்படி வெட்டினீர்கள் என்று கேட்டேன். கோட்டுக்கு எடுத்த அளவு மனசில் இருக்கிறது என்றார்.

வாசல் வரைக்கும் போனவர் திரும்பி நின்று ஒன்று சொன்னார். அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். 'அண்ணி அன்னைக்குப் பெருக்கலை. நான்தான் துணியைக் குறைச்சு வெட்டிட்டேன். ஒத்துக்க வாய் வரலை. அவங்க வந்தா நேர்ல சொல்றேன், அதுவரைக்கும் நீங்க சொல்லி வைங்க.' சொல்லி வைத்துவிட்டேன். இதைப் படிக்கும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.

அவர் போன பிறகு போட்டுப் பார்த்தேன். என் முழங்கையோடு கை நின்றுவிட்டது. குனிந்தால் முதுகு பிடிக்கிறது. எல்லாருக்கும் ஒரே அளவு என்று அந்தப் பெண் சொன்ன போர்வை இப்போது இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சேரும்.

அதைச் சமையலறையில் உன் ஸ்டூலின் மேல் போட்டு, கசங்காமல் இருக்கக் குல்லாயைச் சுவரில் சாய்த்து வைத்தேன். நேற்று வகுப்பு முடிந்து வந்து கதவைத் திறந்தேன். விளக்குப் போடவில்லை. 'இந்தா, டீ போடவா' என்று கேட்டுவிட்டேன். பதில் வராததால் கோபமாக இருக்கிறாய் என்று நினைத்து இன்னொரு தடவையும் கேட்டேன். அப்புறம்தான் விளக்கைப் போட்டேன். இதை பஸ் கிளீனரிடம் சொல்லவில்லை. உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன்.

டீச்சர் இன்று கேட்டார், 'என்னங்கய்யா, அவ்ளோ காசு குடுத்து வாங்கினீங்களே, பிரயோஜனமா இருக்கா?' என்று. இன்னும் தெரியாதும்மா, குளிர்கிற ஆள் ஊரில் இல்லை என்றேன். வேறு என்ன சொல்வது? தையல்காரம்மா சொன்னது அவருடைய குளிரைப் பற்றி. உன் குளிரை நீதான் சொல்ல வேண்டும். இந்தத் தடவை நீ சொன்னால் நான் உட்கார்ந்து கேட்பேன்.

மகள் சொன்னதில் தப்பில்லை. அங்கே வெயில் இருக்கிறது, பேத்தி இருக்கிறாள், உன்னை நன்றாகவும் பார்த்துக்கொள்கிறார்கள். அங்கேயே இருப்பது உனக்கு நிம்மதி என்றால் அதையும் நீயே எழுது. நான் படித்துக்கொள்வேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அதனால் கொஞ்சம் பெரிதாக எழுது. போர்வையைப் பார்சலில் அனுப்பிவிடுகிறேன், அது உன்னுடையது. ஆனால் அந்த ஊர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டால் வெந்துபோவாய். அதையும் யோசி.

பாத உறை இரண்டையும் அலமாரியில் வைத்திருக்கிறேன். சன்னல் மூடியிருக்கிறது. இந்தக் குளிர் முடிய இன்னும் நாள் இருக்கிறது. நீ எங்கே இருந்தாலும் உன் கையும் காலும் சூடாக இருக்க வேண்டும், நான் வேண்டிக்கொள்வது அது ஒன்றுதான்.

பதிலைப் போனில் சொல்லாதே.

இப்படிக்கு,
நீ 'என்னங்க' என்று கூப்பிடுகிற ஆள்