படகுப் பாய் கிழிந்த விதம்

ஐப்பசி 9, ஞாயிறு.

நானும் மகள் செல்வியும் செய்த படகுக்கு, இரண்டு பிளாஸ்டிக் தார்ப்பாய்களை நானே நெருக்கமாகத் தைத்துப் பாய் கட்டினேன். வெம்பக்கோட்டை அணையில் காற்று பட்டதும் தையலோரமாக நேராகக் கிழிந்தது. செல்வி அழுதுவிட்டாள்.

மனைவிமேல்தான் சந்தேகம். நீச்சல் தெரியாத மனுசனுக்குப் படகு எதற்கு என்று நாலு நாளாகப் புலம்பினாள். "நீதானே பிளேடு வச்ச?" என்று கேட்டேன்.

"அம்புட்டு நேராக் கிழிக்க எனக்கு வராதுங்க. அது உங்க வேலையாச்சே" என்றாள். அந்தச் சிரிப்பு சரியில்லை.

இப்போது விளக்கில் பிடித்துப் பார்க்கிறேன். பிளேடு பட்டிருந்தால் நூல் அறுந்திருக்கும். நூல் முழுசாக இருக்கிறது. ஊசித் துளைகள்தான் வரிசையாக ஒன்றோடொன்று சேர்ந்து பிளந்திருக்கின்றன. அச்சகத்தில் ரசீது சுலபமாகக் கிழிய, இருபது வருடமாக இதே துளை வரிசையைப் போடுகிறவன் நான்.

அவள் தூங்குகிறாளாம். போர்வை ஏன் குலுங்குகிறது?