பரனூரைத் தின்ற கம்பைலர்

2004 ஜூன் 10, வியாழன்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து செங்கல்பட்டில் எல்லோருக்கும் என்னிடம் ஒரே கேள்வி: "அடுத்து இன்னா?" கம்பைலர் என்கிறேன். ஓடிவிடுகிறார்கள்.

நானும் பக்கத்து வீட்டுப் பரணியும் ஒரு கணினி மொழி செய்கிறோம். என்ன வேண்டும் என்று விதியாகச் சொன்னால் போதும்; எப்படி என்பது, அதைக் கணினிக்குப் புரிய வைக்கும் கம்பைலர் பாடு. எங்கள் வீட்டில் அப்பா இதைத்தான் பேசுகிறார். "காபி" என்பார். கம்பைலர் அம்மா.

யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று மொத்தத்தையும் நெட்டில் வைத்திருக்கிறோம். இதுவரை திருத்தியது பூனாக்காரர் ஒருவர். ஒரு கமா.

ஜூன் 11

பரணியின் அண்ணன் சம்பத்துக்கு மறைமலைநகரில் கம்பெனி பஸ் பொறுப்பு. எந்த பஸ் எங்கே நிற்க வேண்டும் என்ற பட்டியலை எங்கள் மொழியில் போடச் சம்மதித்துவிட்டார்!

"திங்கக்கிழமை உங்க லிஸ்ட்டுதான். சொதப்புனீங்க, என் வேலை காலி."

ஜூன் 12

பரணி டீ குடிக்கப் போனான். அவன் விதிகளை மேலும் கீழுமாகக் கலைத்து வைத்தேன். வரிசை மாறினாலும் விடை மாறக் கூடாது, அதுதானே எங்கள் மொழியின் பெருமை? ஆபத்தில்லாத குறும்பு.

திரும்பி வந்து நிரலை ஓட்டினான். பட்டியலில் பரனூர் நிறுத்தத்தைக் காணோம். ஷிஃப்ட் முடிந்து அங்கே இறங்கும் தனகோடி அண்ணன் ராத்திரி எங்கே போவார்?

"ஊரை அழிச்சிட்டியா நீ?"

"சத்தியமா வரிசைய மட்டும்தான்டா மாத்தினேன்."

"போன வாரம் என் கீபோர்டுல பட்டனைப் புடுங்கி மாத்தி வச்சவதான நீ?"

வாஸ்தவம். ஆனால் இது நிஜம்டா! எப்படி நம்ப வைப்பது?

ஜூன் 13

மூன்றே விதி. அவனையே டைப் அடிக்கச் சொன்னேன். என் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சரியான விடை. அவனையே வரிசையை மாற்றச் சொன்னேன். ஊர் போச்சு.

"பேஜாரா பூட்சே" என்றான், மெதுவாக.

யாரும் இறங்காத நிறுத்தத்தை விட்டுவிடு என்பது ஒரு விதி. யார் யார் இறங்குகிறார்கள் என்று பார்த்து முடிப்பதற்குள்ளேயே கம்பைலர் 'யாருமில்லை' என்று முடிவு கட்டுகிறது. அவசரக் குடுக்கை.

சம்பத் அண்ணனிடம் போய்ச் சொன்னோம். "இன்னாடா வெளாடுறீங்களா? மேனேஜராண்ட சொல்ட்டன்டா!" இந்த வாரமும் அவர் கையால் எழுதிய பழைய பட்டியல்தான்.

பரணி என் பெயரையும் போட்டு நெட்டில் அறிவித்துவிட்டான்: 'தவறான விடை தருகிறது. பயன்படுத்த வேண்டாம். கண்டுபிடித்தவர் ரோகிணி.'

ஜூன் 16

சரிசெய்ய முடியவில்லை. விடப் போவதுமில்லை.

ஜூன் 20

யார் இறங்குவது 'உண்டு' என்று எல்லாம் பார்த்துத் தீர்ந்த பிறகுதான் 'யாரும் இல்லை'. விதிகளை அப்படி அடுக்கடுக்காகப் பிரித்தோம். ஒவ்வொரு முறையும் விதிகளைக் கலைத்துப் போட்டுச் சோதிக்க ஒரு நிரலும் எழுதினேன். எவ்வளவு கலைத்தாலும் பரனூர் பரனூரிலேயே இருக்கிறது.

ஜூன் 29, செவ்வாய்

சம்பத் அண்ணன் மறுபடி சம்மதித்து, நேற்று எங்கள் பட்டியலோடு பஸ் போனது. காலையில் முதல் வேலையாக ஓடினேன். சம்பத் அண்ணன் பாயில் கிடந்தார்.

"அண்ணா, நேத்து இன்னா ஆச்சு?"

"இன்னா ஆவணும்? எல்லாம் வூடு போய்ச் சேந்துச்சுங்க" என்று போர்வையை இழுத்துத் திரும்பிப் படுத்துவிட்டார்.