துணி வெட்டும் மேசையில் இந்து சமுத்திரம்

மச்சான்,

நேற்று மகன் கடைக்குப் புதிய மேசை வாங்கி வந்தான். வாப்பா காலத்திலிருந்து துணி வெட்டிய பழைய மேசையை வெளியே எடுக்கும்போது அதன் இழுப்பு லாச்சி கழன்று விழுந்தது. நூற்கட்டைகள், துருப்பிடித்த ஊசிகள், அவற்றோடு துணியில் கோடு போடுகிற நீலச் சோக்கு ஒரு துண்டு. எடுத்து முகர்ந்தேன். மெசின் எண்ணெயும் பழைய துணியும் கலந்த அதே மணம். தையற்காரன் கையில் தேய்ந்த சோக்கு கத்தி விளிம்புபோல மெலிந்திருக்கும். இது மொட்டையாக இருந்தது. நீ தேய்த்த சோக்கு.

"மண்வெட்டி பிடிக்கிற கையில சோக்கக் குடுத்தா இப்பிடித்தான்" என்று எத்தனை தரம் உன்னைக் கேலி செய்திருப்பேன். உன் வயல் வட்டையில் யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பங்கிட்டு விடும் வட்டவிதானை நீ. வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் பத்திரிகைகளைச் சுருட்டி சைக்கிளில் செருகிக்கொண்டு, உன் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து என் கடைக்கு உலக நாடுகளைப் பங்கிட வருவாய்.

ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு எங்கள் கடையில் துணி வெட்டுவதில்லை. மேசை வெறுமையாகக் கிடக்கும். நீ வெள்ளைச் சோக்கால் இலங்கையைக் கீறுவாய். அது ஒருநாளும் இலங்கை மாதிரி இருந்ததில்லை. கத்தரிக்காய்க்குக் காம்பு வைத்த மாதிரி இருக்கும். மேலே இந்தியா. சுற்றிவரக் கடலுக்கு நீலம். அணிசேரா நாடுகளின் மாநாட்டைக் கொழும்பில் நடத்திய பெருமை ஊரில் இன்னும் ஆறாத காலம் அது. புதிய அரசாங்கமோ மேற்குப் பக்கம் சாயத் தொடங்கியிருந்தது. திருகோணமலைத் துறைமுகம் யார் கைக்குப் போகும் என்ற கவலையில் நாம் இருவரும் பிளேன்டீயை ஆறவிட்டுக் குடித்தோம். வெளிநாட்டு அமைச்சருக்குக்கூட அவ்வளவு கவலை இருந்திருக்காது.

"வாய்க்கால் என்ட வயலுக்கு வாறத்துக்கு முதல் ஆர்ட வயலுக்குள்ளால வருது? அவனோடதான் முதல் உறவு. மத்தவனெல்லாம் மறுகாதான்." இதுதான் உன் வெளிநாட்டுக் கொள்கை.

"அப்ப இந்தியா சொல்லுறத்துக்கெல்லாம் தலையாட்டச் சொல்லுறியா?"

"தலையாட்டச் சொல்லல்ல மச்சான். அவன்ட வரம்ப வெட்டாத எண்டுதான் சொல்லுறன்."

நான் விடுவேனா? "நான் தையற்காரன். எல்லாருக்கும் அளவெடுப்பன். ஆர்ட சட்டையையும் போடமாட்டன். நாடும் அப்பிடித்தான் இரிக்கணும்" என்பேன். எண்ணெய் தருகிற, நம் தேயிலையை வாங்குகிற அரபு நாடுகளை மறக்காதே என்பேன். "உனக்கு வயல் இல்ல. அதான் தூரத்துக் கடல் மட்டும் கண்ணுக்குத் தெரியுது" என்று நீ என் காலை வாருவாய்.

ஒரு வெள்ளிக்கிழமை நாம் போட்ட கூச்சலில் பாங்கு சொல்லும் பள்ளி மோதினார் ஓடிவந்து, "என்ன, அடிபுடியா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் ஆதம்பாவாக் காக்கா அந்தச் சட்டத்தைப் போட்டார். நம் இருவருக்கும் அண்ணன் முறையான, என் கடையில் பொத்தான் தைக்கிற மனிதர், மூக்குக் கண்ணாடிக்கு மேலால் நம் இருவரையும் பார்த்தார்.

"ரெண்டு பேரும் கதைக்கிறீங்க, ரெண்டு பேரும் கேக்கிறீங்க இல்ல. இனி ஒருத்தன் கதைச்சா, மத்தவன் முதல்ல அதத் திருப்பிச் சொல்லணும். சொன்னவன் 'ஓம், அதுதான்' எண்டு ஒத்துக்கிட்டாப் பிறகுதான் பதில் சொல்லலாம்."

சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டோம். ஆனால் அந்தச் சட்டம் என்னைத்தான் வாட்டியது. நீ கதைக்கும்போதே மனதுக்குள் பதிலை வெட்டித் தைத்து முடித்துவிடுகிறவன் நான். திருகோணமலையில் எண்ணெய் சேமிக்கும் குதங்களைப் பற்றி நீ சொன்னதை ஐந்து தரம் திருப்பிச் சொல்லியும், அந்தி மஃரிபு பாங்கு சொல்லும்வரை எனக்கு 'ஓம்' தராமல் இருந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு கிழமை முழுக்க அந்தப் பதிலை வயிற்றில் சுமந்துகொண்டு திரிந்தேன். சட்டம் என் வீடுவரை போனது. "நான் சொன்னத ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்க பாப்பம்" என்று மனைவி பிடித்துக்கொண்டாள். அந்தப் பாவம் உன்னையும் காக்காவையும்தான் சேரும்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மேசையில் வரைபடம் சிறுத்துக்கொண்டே வந்தது. அமெரிக்கா போயிற்று, ரஷ்யா போயிற்று. நாட்டின் பாதுகாப்பு என்று நாம் கதைத்தது கடைசியில் எங்கள் கல்முனைக்குடிக்கும் உங்கள் பாண்டிருப்புக்கும் இடையில் கிடந்த அந்தத் துண்டுத் தெருவைப் பற்றியதாகிவிட்டது. அப்படியும் நீ வந்தாய். உன் சைக்கிள் மணி கேட்டால்தான் எனக்கு வெள்ளிக்கிழமை.

பிறகு, இஸ்ரேல்காரருக்குக் கொழும்பில் அலுவலகம் திறக்க இடம் கொடுத்தார்கள். எங்கள் முஸ்லிம் ஊர்கள் கொதித்தன. ஹர்த்தால் என்றதும் எங்கள் வரிசையில் முதலில் பலகை போட்டு மூடிய கடை என்னுடையது. அடுத்த வெள்ளிக்கிழமை நீ வந்தபோது மேசை முழுக்கப் பலஸ்தீனத்தைக் கீறி வைத்திருந்தேன். ஆயுதத்துக்கும் பயிற்சிக்கும் ஆசைப்பட்டு வெளிநாட்டுக் கொள்கையை விற்கிற நாடு, சொந்தச் சனத்தைக் காப்பாற்றாது என்று மூச்சுவிடாமல் கதைத்தேன். நீ முழுவதும் கேட்டாய். பிறகு நான் சொன்னதை, நான் சொன்னதைவிட அழகாகத் திருப்பிச் சொன்னாய். "ஓம், அதுதான்" என்றேன். பெருமையாக இருந்தது.

நீ சோக்கைக் கையில் உருட்டிக்கொண்டே கதைத்தாய். குரல் உயரவில்லை.

"மச்சான், நீ சொன்னது முழுக்க நியாயம். அங்க வீடிழந்தவனுக்காக நீ கடையப் பூட்டினாய், அதுவும் சரி. போன மாதம் ஆமி எங்கட ஊரச் சுத்தி வளைச்சுப் பொடியன்கள ட்ரக்கில ஏத்திப்போன அண்டைக்கு, நான் இந்தத் தெருவால வந்தனான். உன்ட கடை திறந்து கிடந்தது. மெசின் சத்தம் கேட்டது. நாட்டுப் பாதுகாப்பு எண்டு நீ எடுக்கிற அளவுக்குள்ள எங்கட தெரு வருதா, மச்சான்?"

காக்கா ஊசியைக் கீழே வைத்தார். "திருப்பிச் சொல்லு" என்றார் என்னைப் பார்த்து.

"எங்கட ஆக்கள் சரியில்ல எண்டு சொல்லுறான்."

"நான் அப்பிடிச் சொல்லல்ல" என்றாய்.

"ஹர்த்தால் போட்டது பிழை எண்டு சொல்லுறான்."

"அது சரி எண்டுதானே சொன்னன்."

பதில் எனக்குத் தொண்டைவரை வந்திருந்தது. ட்ரக் வந்த அன்று நான் பயந்துபோயிருந்தேன். கடையை மூடினால் ஏன் மூடினாய் என்று யாராவது கேட்பார்கள் என்ற பயம். ட்ரக் போன சத்தம் காதில் விழாதிருக்க மெசினை வேகமாக மிதித்தேன். அதைச் சொல்லியிருந்தால் நீ விளங்கியிருப்பாய். ஆனால் பதிலுக்கு முன் உன் சொல்லை என் வாயால் சொல்ல வேண்டுமே! அதை நான் சொன்னால் அது உண்மையாகிவிடும். "அஸர் தொழுகைக்கு நேரமாச்சு" என்று எழுந்தேன். பாங்குக்கு இன்னும் கால்மணி நேரம் இருந்தது. அது உனக்கும் தெரியும்.

"நேரம் எடு மச்சான்" என்று சொல்லிவிட்டு, சோக்கை மேசையில் வைத்துவிட்டுப் போனாய். நான் அதை லாச்சிக்குள் போட்டு அடித்து மூடினேன்.

அதன்பிறகு ஊருக்கும் ஊருக்கும் பகை மூண்டது. சைக்கிளில் கொஞ்ச நேரத்தில் வந்த தெரு, போக முடியாத தெருவாயிற்று. பொத்தான் தைத்துக்கொண்டே காக்கா மட்டும் இடைக்கிடை, "திருப்பிச் சொல்லிட்டியா?" என்று கேட்பார். நான் கேளாதவன் மாதிரி மெசினை மிதிப்பேன்.

உன்னைக் கடைசியாகக் கண்டது இந்தியப் படை வந்த பிறகு. சோதனைச் சாவடி வரிசையில் அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நின்றாய். தலை நரைத்திருந்தது. நானோ பழைய வாய் மாறாதவன்.

"மச்சான், மேல் வயற்காரன்ட வரம்ப வெட்டாத எண்டாய். இப்ப அவன் வரம்பு தாண்டி உன்ட வயலுக்குள்ள வந்து நிக்கிறான்" என்று காதுக்குள் சொன்னேன்.

நீ திரும்பினாய். "என்ட கதை பிழைச்சிட்டு எண்டு சொல்லுறாய். அதுதானே?"

"ஓம், அதுதான்."

"ஓம் மச்சான், பிழைச்சிட்டு" என்று சிரித்தாய். அப்படி ஒரு சிரிப்பை இத்தனை வருடத்தில் நான் வேறு யாரிடமும் காணவில்லை. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். இனித் திருப்பிச் சொல்லும் முறை என்னுடையது. எனக்கும் தெரியும். வரிசை நகர்ந்தது, சிப்பாய் உன்னைக் கூப்பிட்டான், நீ போனாய். எனக்குப் போதுமான நேரம் இருந்தது மச்சான். வரிசையின் மேல் பழி போட மாட்டேன்.

விதைப்புக் காலத்தில் வரம்பில் விழுந்து உயிரை விட்டுவிட்டாய் என்ற செய்தி வந்தபோது ஊரடங்கு. மூன்றாம் நாள்தான் உன் வீட்டுக்கு வர முடிந்தது. உன் மனைவி என்னைக் கண்டதும் அழுதார். பிறகு சொன்னார்: "உங்களப் பத்திக் கதைச்சா எப்பவும் ஒண்டுதான் சொல்லுவார். 'அவன் சொல்லுவான். அவனுக்கு நேரம் எடுக்கும்.'" நான் எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியாது.

இப்போதும் கடையில் கதை குறையவில்லை. எந்தத் துறைமுகம் எவனுக்கு, எந்தப் பெரிய நாடு நம் பக்கம் என்று வாடிக்கையாளர்கள் மல்லுக்கு நிற்பார்கள். கத்திரிக்கோலை வைத்துவிட்டு, "அவர் சொன்னத முதல்ல திருப்பிச் சொல்லுங்க" என்பேன். கிழவனுக்கு மரை கழன்றுவிட்டது என்று சிரிப்பார்கள். அவர்களுக்குச் சட்டம் சொல்லிக் கொடுக்கிற நான்தான் அதை நிறைவேற்றாதவன் என்று அவர்களுக்குத் தெரியாது.

இன்று வெள்ளிக்கிழமை. புதிய மேசையில் இன்னும் ஒரு துணியும் வெட்டவில்லை. உன் நீலச் சோக்கை எடுத்துக் கடல் கீறவில்லை. என் கடையிலிருந்து உன் வீடுவரை உள்ள தெருவை மட்டும் கீறினேன். சிறிய கோடுதான். காக்காவும் இல்லை, என்னைத் திருப்பிச் சொல்லச் சொல்ல. நானே சொல்கிறேன்.

தூரத்தில் வீடிழந்தவனுக்காக நான் கடையை மூடினேன், அது சரி. பக்கத்துத் தெருவில் உன் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிப்போன அன்று என் கடையைத் திறந்து வைத்திருந்தேன். நாடு, நாடு என்று நான் அளவெடுத்ததில் உன் தெரு இருக்கவில்லை.

மச்சான், நீ சொன்னது இதுதானே?