கள்ளச் சாவி

ஜனவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இருமல் குறைந்திருக்கிறதா? மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். போனில் பேசினால் வார்த்தை காற்றோடு போய்விடும், எதுவானாலும் எழுத்தில் வரட்டும் என்று நீங்கள் சொல்லிப் பதினெட்டு வருடம் ஆகிறது. அதனால்தான் இதையும் எழுதியே கேட்கிறேன்.

எங்களுக்குக் குழந்தை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே ஒரு காப்பகத்தில் நாலு வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள். அவளைத் தத்தெடுக்க விண்ணப்பித்திருக்கிறோம். நாங்கள் வாழ்ந்த ஊர்களில் எல்லாம் எங்கள் மேல் போலீசில் எதுவும் இல்லை என்று சான்றிதழ் வேண்டுமாம். பத்து விரல் ரேகையும் கொடுத்துவிட்டோம். எல்லா ஊரிலிருந்தும் வந்துவிட்டது, நம் ஊரைத் தவிர. அங்கே என் பெயரில் ஒரு புகார் இன்னும் மூடாமல் இருக்கிறதாம்.

அது நீங்கள் கொடுத்தது.

புகார் கொடுத்தவரே நேரில் வந்து, அது தவறுதலாகக் கொடுத்தது என்று எழுதித் தந்தால் கோப்பை மூடிவிட்டுச் சான்றிதழை உங்கள் கையிலேயே தந்துவிடுவார்களாம். ஒரு வரி போதும் அப்பா. மார்ச் பத்தாம் தேதிக்குள் சான்றிதழ் இங்கே வந்து சேர வேண்டும். எங்களுக்குப் பின்னால் இன்னொரு தம்பதி காத்திருக்கிறார்கள்.

உங்கள் மருமகள் உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
உங்கள் மகன்

ஜனவரி 22

மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இருமல் இருக்கிறது. அது என்னை விட்டுப் போகாது, எனக்கு அது ஒன்றுதான் துணை.

நீ கேட்டாய் என்பதற்காக ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் வேலையில் ஒரு அம்மா இருக்கிறாள். நல்ல மாதிரி. உட்கார நாற்காலி போட்டாள். பழைய கோப்பை எடுத்து என் கையெழுத்தைக் காட்டினாள். எட்டாவதோடு பள்ளியை விட்டவன் கையெழுத்து மாதிரியா இருக்கிறது என்று கேட்டேன். முத்து முத்தாக இருக்கிறது என்றாள். பிறகு காகிதத்தைத் தள்ளினாள்.

"பெரியவரே, தவறுதலா கொடுத்த புகார்னு ஒரு வரி எழுதுங்க. பேனாவும் என்னுது, பேப்பரும் என்னுது. உங்களுக்கு என்ன போகுது?"

"பொய் எழுதிப் பழகாத கைம்மா இது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

எதைத் தவறுதல் என்கிறாய்? உன் பள்ளிச் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டையும் நான் பீரோவில் வைத்துப் பூட்டியது உண்மை. நம் பூட்டுக் கடையைப் பார்க்க ஆள் வேண்டும், நீ எங்கேயும் போக வேண்டாம் என்றுதான் பூட்டினேன். அந்தப் பூட்டு நானே யோசித்து நானே அறுத்துச் செய்தது. அதற்கு இரண்டே சாவி. ஒன்று என் இடுப்பில், ஒன்று உன் அம்மாவிடம். பூட்டில் ஒரு கீறல் இல்லை. அப்படியானால் யாரோ அச்சு எடுத்துச் சாவி அறுத்திருக்க வேண்டும். அந்த வேலையை நான் ஒருவனுக்குத்தான் கற்றுக் கொடுத்தேன். பஸ் நிலையத்தில் பிடித்தபோது சாவி உன் பையில் இருந்தது. நான்தான் செய்தேன் என்று நீயே ஒப்புக்கொண்டாய். கள்ளச் சாவி போட்டுத் திறந்தான் என்று எழுதினேன். அதில் எந்த எழுத்து பொய்?

நான் உன்னைச் சிறையில் வைக்கச் சொல்லவில்லை. ஒரு நாள் வைத்திருந்தார்கள், ரேகை எடுத்தார்கள், விட்டுவிட்டார்கள். நீதான் ஊரை விட்டே போனாய். உன் அம்மா போனபோதும் வரவில்லை. அதையும் எழுதி வைத்திருக்கிறேன், மனசில்.

எழுதித் தருகிறேன். ஆனால் முதலில் நீ எழுது. கள்ளச் சாவி செய்தது நான்தான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று உன் கையால் எழுதி அனுப்பு. பதினெட்டு வருடமாக அந்த ஒரு வரிக்குத்தான் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவன்

பிப்ரவரி 3

அன்புள்ள அப்பாவுக்கு,

கள்ளச் சாவி செய்தது நான்தான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டபடி தனி வரியாக எழுதியிருக்கிறேன்.

அம்மா போன செய்தியை நீங்கள் தபாலில் அனுப்பினீர்கள். எனக்கு அது பத்தொன்பதாம் நாள் வந்தது. அதைப் பற்றி இத்தனை நாள் எதுவும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

அந்தக் குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கிறோம். நாங்கள் உள்ளே போனதும் ஓடி வருவாள். விளையாடுவாள், சாப்பிடுவாள். கிளம்பும்போது வாசலில் என் செருப்பில் ஒன்று இருக்காது. முதல் வாரம் அரை மணி நேரம் தேடினேன். அங்கே வேலை செய்கிற அக்காதான் சிரித்துக்கொண்டே சொன்னாள், யார் வந்தாலும் ஒரு செருப்பை எடுத்து ஒளித்து வைத்துவிடுவாளாம். ஒற்றைச் செருப்போடு யாரும் போக மாட்டார்கள் என்று நினைக்கிறாள். இப்போதெல்லாம் நான் தேடுவதில்லை. "எங்க வெச்சிருக்கே, சொல்லிடு கண்ணு" என்று கெஞ்சுவேன். தலையாட்டிவிட்டு மடியில் உட்கார்ந்துகொள்வாள்.

தயவுசெய்து இந்த வாரமே போய் எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்

மார்ச் 2

அன்புள்ள மகனுக்கு,

சான்றிதழ் இத்துடன் இருக்கிறது. பத்திரமாக எடு. விரைவாகப் போகிற தபாலில்தான் அனுப்புகிறேன். பத்தாம் தேதிக்குள் சேர்ந்துவிடும் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்கள்.

உன் கடிதம் எனக்குப் பதினான்காம் தேதியே வந்துவிட்டது. பன்னிரண்டு நாள் சட்டைப் பையில் வைத்திருந்தேன். நான் பதினெட்டு வருடம் காத்திருந்தேனே, அவன் பன்னிரண்டு நாள் காக்கட்டுமே என்று நினைத்தேன். இதை மறைத்து எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும்.

இருபத்தாறாம் தேதி போனேன். அதே ரைட்டர் அம்மாதான் இருந்தாள். கோப்பை மூடுவதென்றால் அன்று பிடித்த பொருளைத் திருப்பித் தந்து கையெழுத்து வாங்க வேண்டுமாம். ஒரு பழுப்பு உறையைக் கிழித்து என் உள்ளங்கையில் கவிழ்த்தாள். சாவி.

அன்றைக்கு இதை என்னிடம் காட்ட வந்தார்கள். கள்ளச் சாவியைக் கண்ணால் பார்க்க மாட்டேன் என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இப்போதும் கண் பார்க்கவில்லை. கட்டைவிரல்தான் பார்த்தது. சாவித் தலையில் வரிசையாக மூன்று வெட்டு.

உன் அம்மாவுக்குக் கண் மங்கல். கொத்திலே எந்தச் சாவி பீரோ சாவி என்று தெரியாமல் தடவுவாள். அதற்காக அவள் சாவியில் மட்டும் நான் அரத்தால் மூன்று வெட்டுப் போட்டுக் கொடுத்தேன். கல்யாணமான வருடம். நீ பீரோவைத் திறந்த வாரத்தில், சாவி எங்கேயோ தவறிப் போச்சு என்றாள். கவனமில்லாதவள் என்று ஒரு மாதம் திட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். புதிதாக ஒன்று அறுத்துக் கொடுத்தேன். அப்போதும் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. நான் செய்த பூட்டை என் வீட்டிலேயே ஒருத்தி சாவி கொடுத்துத் திறக்கச் சொல்லுவாள் என்று என் பூட்டுக்காரப் புத்திக்கு எட்டவில்லை.

ரைட்டர் அம்மா தண்ணீர் கொடுத்தாள். பிறகு எழுதினேன். 'இது கள்ளச் சாவி அல்ல. நான் செய்து என் மனைவிக்குக் கொடுத்த சாவி. வீட்டுச் சாவியை வாங்கி வீட்டுப் பிள்ளை தன் காகிதங்களை எடுத்துக்கொண்டான். தவறு என் பேரில்.' அவள் படித்துவிட்டு, "ஒரு வரி கேட்டேன், நாலு வரி எழுதிட்டீங்க" என்றாள்.

வாக்குமூலத்துக்கு என் ரேகையும் வேண்டுமாம். மெஷினில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தேன். அரம் பிடித்துத் தேய்ந்த விரல். ஒன்றும் விழவில்லை. "ஐயா, மெஷின் உங்களை ஆளாவே ஏத்துக்க மாட்டேங்குது" என்றாள். கடைசியில் பழையபடி மை தடவிக் காகிதத்தில் உருட்டி எடுத்தார்கள். அதற்கே மூன்று நாள் அலைந்தேன்.

நீ எழுதிய மன்னிப்பு வரி பொய். அதை ஏன் எழுதினாய்?

உன் அப்பா

மார்ச் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

சான்றிதழ் பதினான்காம் தேதி வந்தது. நான்கு நாள் தாமதம். குழந்தையைப் பின்னால் இருந்த தம்பதிக்குக் கொடுத்துவிட்டார்கள். நல்லவர்கள் என்றுதான் கேள்விப்பட்டோம். உங்கள் மருமகள் அவளுக்கென்று வாங்கிய துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறாள்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அன்றைக்கு அம்மா ஸ்டேஷனுக்கு வந்து உண்மையைச் சொல்லத் தயாராக இருந்தாள். நான்தான் தடுத்தேன். "நான் போயிடுவேம்மா. நீ அவரோடதானே இருக்கணும்" என்றேன். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்பு வரியும் அதே காரணத்துக்காகத்தான். அவள் போன பிறகும் உங்கள் வாயில் அவள் பெயர் அடிபட வேண்டாம் என்று நினைத்தேன்.

உங்கள் மேல் கோபம் இல்லை. சொல்லவும் எதுவும் இல்லை. மருந்தை விடாதீர்கள்.

மகன்

ஜூலை 7

அன்புள்ள மகனுக்கு,

ஏப்ரலில் ஒரு கடிதம் போட்டேன். மே மாதம் ஒன்று. பதில் இல்லை. திரும்பியும் வரவில்லை, அதனால் கிடைத்திருக்கும். பதில் போடு என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. உன் இடத்தில் நான் இருந்தால் போட மாட்டேன். அந்தக் குணம் உனக்கு என்னிடமிருந்து வந்தது, வேறு எங்கிருந்தும் இல்லை.

ஸ்டேஷன் அம்மாவை வழியில் பார்த்தேன். "பேத்தி வந்தாச்சா ஐயா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். வந்ததற்கா வராததற்கா என்று அவளுக்குப் புரியும்படி ஆட்டவில்லை.

பீரோவிலிருந்து பூட்டைக் கழற்றிவிட்டேன். கதவு சும்மா சாத்தியிருக்கிறது. உள்ளே உன் அம்மாவின் புடவைகளும் அவளுடைய இரண்டு சாவிகளும் இருக்கின்றன.

அந்தக் குழந்தை செருப்பை ஒளித்து வைத்தாள், நீ போகக் கூடாது என்று. நான் உன் பள்ளிச் சான்றிதழ்களைப் பூட்டி வைத்தேன். அவளுக்கு நாலு வயது. எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு. அவளிடம் நீ கெஞ்சினாய், மடியில் வைத்துக்கொண்டாய். என்னிடமும் ஒரு வாரம் கெஞ்சினாய். நான்தான் எழுந்து கடைக்குப் போனேன்.

ஏப்ரலிலும் மே மாதத்திலும் எழுத விட்டுப்போன ஒன்று இருக்கிறது. அன்றைக்கு ஸ்டேஷனிலிருந்து நீ வீட்டுக்கு வந்தபோது பத்து விரலிலும் மை இருந்தது. அம்மா தட்டு வைத்தாள். "அந்தக் கையோட என் வீட்டுல சாப்பிடக் கூடாது, கழுவிட்டு வா" என்றேன். கழுவிவிட்டு வந்தாய். மை போகவில்லை. சரியாகத் தேய் என்றேன். மறுபடியும் எழுந்து போனாய். அப்படியே பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாய்.

பிப்ரவரியில் என் விரலுக்கும் அதே மை தடவினார்கள். சோப்பு போட்டேன், மண்ணெண்ணெய் போட்டேன், கடையில் துரு எடுக்கிற எண்ணெயும் போட்டேன். ஆறு நாள் போகவில்லை. ஆறு நாளும் அந்தக் கையால்தான் சாப்பிட்டேன்.

உனக்கு எத்தனை நாள் ஆயிற்று?

அப்பா